பத்து மணி வெடி

மூன்றாவது நாளாகவும் முனியராஜின் பைக், பட்டாசுக் கம்பெனி வாசலுக்கு வந்ததும் வெடித்தது.

டயர் வெடிக்கவில்லை. வாசலைப் பார்த்ததும் அவர் ஆக்சிலேட்டரை விடுவார். வண்டி ஒரு நொடி மூச்சைப் பிடித்துக்கொள்ளும். பிறகு புது சைலென்சரின் வாயிலிருந்து ‘டமால்’ என்று ஒரு சத்தம் வரும். வேறு ஊராக இருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். இது ஆனைக்குட்டம் பக்கம். அறைக்கு நாலு பேராக வெடிமருந்துக்கு நடுவில் உட்கார்ந்து சரம் பின்னுகிற இடத்தில் சத்தம் கேட்டால், கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு ஓட வேண்டும்.

ஓடினார்கள். அறுபது பெண்களும் வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றார்கள். கம்பெனி விதிப்படி இனி தலை எண்ண வேண்டும், ஒவ்வொரு அறையாகப் பார்த்து வர வேண்டும், அரை மணி நேரம் கழித்துத்தான் உள்ளே விட வேண்டும். இதையெல்லாம் செய்ய வேண்டியவர் போர்மேன். அந்தப் போர்மேன் முனியராஜ்தான். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் எண்ணி முடித்தார்.

மேனேஜர் சீனிவாசகம் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். தீபாவளி ஆர்டர் கழுத்தை நெரிக்கிறது, மூன்று நாளில் ஒன்றரை மணி நேர வேலை போச்சு என்று ஆரம்பித்தவர், கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“வெள்ளிக்கிழம ஆபீசர் சோதனைக்கு வாராரு. அன்னைக்கு உன் வண்டியில ஒரு இருமல் கேட்டாலும், சனிக்கிழமையில இருந்து நீ போர்மேன் இல்லலே. சாத்தூர் குடோன்ல போய் பெட்டி அடுக்கு.”

முனியராஜ் போர்மேன் ஆவதற்குப் பதினான்கு வருடம் ஆகியிருந்தது. சைலென்சர் மாட்டுவதற்கு ஆனது பதினைந்து நிமிடம். சத்தம் கம்பீரமாக இருக்கும் என்று கடைக்காரர் சொன்னதை நம்பி வாங்கியது. மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனபோது மனைவி ரோஜா வாசலில் நின்று கேட்டுவிட்டு, நல்லாத்தானே இருந்தது, வண்டிக்கு என்ன வந்தது என்று விசாரித்தாள்.

அன்று மாலையே திருத்தங்கலில், அதை மாட்டிவிட்ட மெக்கானிக் பாண்டிமுருகனிடம் போனார். பழைய சைலென்சரையே மாட்டிவிடு என்றார். அதை அன்றைக்கே வேறொரு வண்டிக்கு மாட்டி அனுப்பிவிட்டதாக அவன் கொஞ்சமும் வருத்தமில்லாமல் சொன்னான். குறை சைலென்சரில் இல்லையாம். பழையது புகையை இழுத்துப் பிடித்து மெல்ல விட்டதாம், புதியது கதவைத் திறந்து விட்ட மாதிரி விடுகிறதாம். அதனால் இன்ஜினுக்குக் காற்று கூடி, பெட்ரோல் குறைந்துவிட்டது.

“பெட்ரோல கொஞ்சம் கூட்டி விட்டா பூனைக்குட்டி மாதிரி போகும்ணே” என்று கார்பரேட்டரில் ஒரு ஸ்குருவை ஒன்றரைச் சுற்று திருப்பினான்.

எந்தப் பக்கம் திருப்பினான் என்பது மறுநாள் காலை பத்து மணிக்குத் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை ஒரு டமாலோடு நிற்கவில்லை, வரிசையாக ஏழு. கேட்டவர்கள் சரவெடி என்றே சொல்வார்கள். பெண்கள் ஓடி வந்தார்கள். ஓடுகிற பதற்றத்தில் இருளம்மாள் தன் தூக்குவாளியையும் கையோடு எடுத்து வந்துவிட்டாள். என்ன எடுக்கிறோம் என்றுகூடத் தெரியாத அளவுக்கு அந்த அம்மாளைப் பயமுறுத்திவிட்டோமே என்று முனியராஜ் நொந்துகொண்டார். இருபது வருடமாக இதே வேலை பார்ப்பவள். சத்தம் கேட்டு ஓடி, வெளியே வந்து சேராதவர்களை அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

“வண்டி இன்னும் சரியாகலயாண்ணே?” என்று அவள் அன்பாகக் கேட்டாள். அவர் மறுபடியும் முதலிலிருந்து தலை எண்ணப் போய்விட்டார்.

பாண்டிமுருகன் தவறை ஒப்புக்கொள்ளவில்லை. இந்த மாடல் வண்டியில் ஸ்குரு தலைகீழாக வேலை செய்கிறது என்றான். ஸ்குருவை நம்பி இனிப் பயனில்லை என்று, பெட்ரோல் வருகிற ஜெட்டையே கழற்றிவிட்டுப் பெரிய துளை உள்ளதாகப் போட்டான். புதன்கிழமை வண்டி திருத்தங்கலிலிருந்து கரும்புகை விட்டுக்கொண்டே வந்தது. பின்னால் வந்த பஸ் டிரைவர் முந்திப் போகும்போது ஏதோ சொன்னார். நல்ல வார்த்தையாக இருக்க வாய்ப்பில்லை. ஆனால் வாசலில் ஆக்சிலேட்டரை விட்டபோது சத்தமே இல்லை. முனியராஜ் நிம்மதியாக மூச்சு விட்டுச் சாவியைத் திருப்பி அணைத்தார். எரியாமல் தேங்கிக் கிடந்த பெட்ரோல் அத்தனையும் அப்போதுதான் வெடித்தது. லட்சுமி வெடிக்குக்கூட அத்தனை சத்தம் கிடையாது.

அன்று மரத்தடியில் முக்கால் மணி நேரம். ஓவியா என்ற பெண் தலையை அவிழ்த்துப் பின்னி முடித்துவிட்டாள். பயத்தை மறக்கத்தான் பின்னுகிறாள் போலும் என்று முனியராஜ் நினைத்துக்கொண்டார்.

“எனக்கு கம்பீரமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். வாய அடைச்சு விடுலே” என்றார் பாண்டிமுருகனிடம். அவன் சொன்னபடியே செய்தான். சைலென்சரின் வாய்க்குள் தேங்காய் நாரைத் திணித்து, மேலே கம்பி வலை கட்டினான்.

வியாழக்கிழமை சத்தம் குறைந்துதான் இருந்தது. கொஞ்சம் புஸ்வாணம் மாதிரி. நார் பற்றிக்கொண்டு பொறி பறக்க, வாட்ச்மேன் சிவப்பு வாளி மணலைத் தூக்கி ஓடி வந்து, பாதியைச் சைலென்சரிலும் மீதியை முனியராஜ் மேலும் கொட்டினார். பட்டாசுக் கம்பெனி வாசலில் பொறி. அன்று ஒரு மணி நேரம் யாரையும் உள்ளே விடவில்லை. சீனிவாசகம் திட்டவே இல்லை. சாத்தூர் குடோனுக்குப் போன் போட்டு, ஆள் தேவையா என்று மட்டும் விசாரித்தார்.

அந்தப் பைக்கை எடுக்காமலே இருந்திருக்கலாமே என்று தோன்றும். கம்பெனி வேன் எட்டு மணிக்கே பெண்களை ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது. முனியராஜ் திருத்தங்கல் பிரஸ் திறந்த பிறகு அன்றன்றைய லேபிள் கட்டுகளை வாங்கிக்கொண்டு வர வேண்டும். வெள்ளிக்கிழமை அந்த நாலு கட்டையும் பார்த்த டவுன் பஸ் கண்டக்டர், இது பஸ்ஸா லாரியா என்று கேட்டு, அவரை ஏற்றாமலே விசில் அடித்துவிட்டார்.

ஆகவே, கம்பெனிக்கு ரோடு பிரிகிற ஆனைக்குட்டம் விலக்கு வரைக்கும் ஓட்டி வந்து, வண்டியை அணைத்து, வெடிப்பதை வெடிக்கவிட்டு, மீதி இரண்டு கிலோமீட்டரையும் தள்ளினார். டேங்க் மேல் இரண்டு கட்டு, சீட்டில் இரண்டு கட்டு. வெயில் மண்டையைப் பிளந்தது. மேட்டில் ஒருமுறை வண்டி அவரைப் பின்னால் தள்ளியது. சைலென்சர் விற்ற அந்தக் கடைக்காரரையும் பாண்டிமுருகனையும் தன்னையும் மாற்றி மாற்றித் திட்டிக்கொண்டே தள்ளினார். சரியாகப் பத்து மணிக்கு, டயர் மண்ணில் உரசுகிற சத்தம்கூடக் கேட்காமல், வாசலுக்குள் நுழைந்தார்.

ஆபீசர் வந்தார். அறைகளைப் பார்த்தார். ஒழுங்காக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். சீனிவாசகம் முனியராஜின் நனைந்த தோளில் கையை வைத்து, பிறகு அந்தக் கையைத் துடைத்துக்கொண்டு, இனி தினமும் இப்படியே தள்ளி வா என்றார். போர்மேன் வேலை தப்பித்தது.

கால் இரண்டும் கழன்று விழுகிற மாதிரி இருந்தும், முனியராஜ் நேரே இருளம்மாள் சரம் பின்னும் அறைக்குத்தான் போனார். அந்தப் பெண்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அவருக்கு மனசு ஆறாது. ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. முகம் எல்லாம் உம்மென்று இருந்தது.

“இனிமே ஒரு நாளும் சத்தம் வராது. பயப்படாம வேல பாருங்க” என்றார்.

இருளம்மாள் பின்னிய சரத்தைத் தள்ளி வைத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“மொத நா மட்டுந்தாண்ணே நெசமா ஓடுனோம். எது வெடிச்சத்தம், எது வண்டிச்சத்தம்னு இருவது வருசமா வெடி பின்னுறவகளுக்குத் தெரியாதாக்கும்? எட்டு மணிக்கு உக்காந்தா ஒரு மணிக்குத்தான் எந்திரிக்க விடுறீக. நடுவுல கெடச்ச அந்த அர மணி நேரத்தையும் ஏண்ணே ரெண்டு கிலோமீட்டர் தள்ளிட்டு வந்து கெடுத்தீக?”