பொன்னாடை அண்ணன் கொடுத்த அட்வான்ஸ்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் பொன்னாடை அண்ணன் கையால் பொன்னாடை வாங்காத ஒருவர் உண்டென்றால், அவர் வேகமாக ஓடத் தெரிந்தவராகத்தான் இருக்க வேண்டும். நடந்து போனவர்கள் யாரும் தப்பியதில்லை.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. அவருக்குச் சம்பளம் கொடுத்த துணிக்கடை முதலாளிக்கே தெரியுமா என்பது சந்தேகம். அண்ணன் அந்தக் கடையில் வேட்டி, துண்டு விற்கும் பகுதியில் நிற்பார். குள்ளமான உருவம், கோயில் மணி போன்ற குரல். கரை பிசகியது, நூல் இழுத்தது என்று விலை போகாமல் கிடக்கும் பொன்னாடைகளைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லி வாங்கிவிடுவார். எந்த நேரமும் ஒன்று கக்கத்தில் தயாராக இருக்கும். உயரமான ஆட்களுக்குப் போர்த்த ஏதுவாகக் கடை வாசலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலும் போட்டு வைத்திருந்தார்.

எதிர்க்கடையில் நான் கைப்பேசி பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் சம்பளமில்லாத புகைப்படக்காரன் வேலையும் என் தலையில் விழுந்தது. "தம்பி, போனை எடு!" என்று குரல் வந்தால், யார் வீட்டுக் கைப்பேசி பிரிந்து கிடந்தாலும் போட்டுவிட்டு ஓட வேண்டும்.

தபால்காரருக்குப் போர்த்தினார். கழிப்பறை எங்கே என்று கேட்க வந்த வெள்ளைக்காரருக்குப் போர்த்தினார். அந்த மனிதர் தன் தலையில் துணியை விலைக்குக் கட்டிவிடுகிறார்கள் என்று பயந்து, "நோ பை, நோ பை!" என்று கத்திக்கொண்டே போனார். கேட்ட இடத்துக்குப் போய்ச் சேர்ந்தாரா என்பது தெரியாது. கட்டணம் கட்டாத ஒரு கடையின் மின்சாரத்தைத் துண்டிக்க வந்தவருக்கும் ஒரு பொன்னாடை. மரியாதை செய்தால் மனம் இளகும் என்று கடைக்காரர் எதிர்பார்த்தார். வந்தவர் பொன்னாடையோடு ஏணியில் ஏறி, பொன்னாடையோடு துண்டித்து, பொன்னாடையோடு இறங்கிப் போய்விட்டார்.

ஒரு முறை ஓர் அரசியல் பிரமுகர் எங்கள் தெருவுக்கு வந்தார். காரிலிருந்து முதலில் இறங்கியவர் நல்ல சட்டை போட்டிருந்தார். அண்ணன் ஸ்டூலில் ஏறி அவருக்குப் போர்த்திவிட்டார். அவர் டிரைவர். பின்னால் இறங்கிய பிரமுகர் கழுத்தை நீட்டியபடி நின்றார். நீட்டிய கழுத்து நீட்டியபடியே இருந்தது.

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு, எங்கள் ஊர்ப் பேச்சில் வாலாக வரும் 'லா'வையும் சேர்த்துக் கேட்டார். "என்னா லா இப்படிப் பண்ணிட்டீங்க?"

"டிரைவர்தானே முதலாளி ரோட்டப் பாத்து ஓட்டுனாரு? இவரு தூங்கிக்கிட்டுதானே வந்தாரு? கன்னத்துல சீட் தையல் பதிஞ்சிருக்கு, பாருங்க."

இதைக் கோயில் மணிக் குரலில் சொன்னார். பிரமுகர் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் கோன் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. சாலையில் வைப்பார்களே, ஆரஞ்சு நிறக் கோன், அதேதான். கோன் பாஸ் என்று நாங்கள் அழைத்த ஒரு பேர்வழி, ஆட்களை வைத்து, கார் நிறுத்தும் இடங்களிலெல்லாம் கோனை வைத்துவிடுவான். காசு கொடுத்தால் கோன் நகரும். கொடுக்க மாட்டேன் என்று நிறுத்தினால், திரும்பி வரும்போது கெரேத்தா, அதாவது கார், முழுக்கக் கீறல் இருக்கும். வாடிக்கையாளர்கள் எங்கள் பக்கமே வருவதை நிறுத்தினார்கள். கோன் பாஸ் மேற்படி பிரமுகரின் தேர்தல் வேலைகளுக்கு வலது கை என்பதால், வாயைத் திறக்க எல்லோருக்கும் பயம்.

இந்த நிலையில்தான் வட்டாரத்துக்குப் புதிய போலீஸ் உயரதிகாரி ஒருவர் வந்தார். மலாய்க்காரர், நெட்டையான மனிதர். 'ஐயா' என்பதற்கு மலாயில் சொல்கிறபடி எல்லோரும் அவரைத் 'துவான்' என்றே அழைத்தோம். முதல் நாள் தெருவைச் சுற்றிப் பார்க்க வந்தவரை அண்ணன் விடுவாரா? ஸ்டூல் வந்தது, பொன்னாடை வந்தது, நானும் வந்தேன்.

"நான் இன்னும் ஒன்றுமே செய்யவில்லையே," என்று துவான் மலாயில் சிரித்தார்.

"அட்வான்ஸ் லா, துவான்!" என்றார் அண்ணன்.

துவான் வாங்கிய அட்வான்ஸுக்கு வேலை செய்தார். கோன்கள் லாரியில் ஏறிப் போயின. கோன் பாஸைக் கைது செய்தார். எங்கிருந்தோ வந்த தொலைபேசி அழைப்புகளுக்கு மசியவில்லை என்று பேசிக்கொண்டார்கள். அந்தத் தீபாவளிக்குத் தெருவில் நிற்க இடமில்லை. நகைக்கடைக்காரர், நானா என்று நாங்கள் அழைக்கும் மளிகைக் கடைக்காரர், சாப்பாட்டுக் கடைக்காரர் என்று எல்லோரும் துவானோடு நின்று படம் பிடித்து, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்கள்.

பிறகு ஒரு பிற்பகலில் எல்லோருடைய கைப்பேசியும் ஒரே நேரத்தில் முனகியது. துவானைப் பதவியிலிருந்து நீக்கிவிட்டார்கள். உடனடியாக. காரணம் எதுவும் சொல்லப்படவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. சாயங்காலமே கோன்கள் திரும்பி வந்துவிட்டன.

தேநீர்க் கடையில் குரல்கள் தாழ்ந்தன.

"அவ்ளோ பெரிய ஆளயே தூக்கிட்டாங்க. நாமெல்லாம் எம்மாத்திரம் லா?"

"இனிமே போலீஸ்ல போயி சொன்னா, கேட்டு எழுதுறவருக்கே நாளைக்கு வேல இருக்குமோ இல்லியோ."

"அடுத்து வர்ற துவான், திருடனப் பிடிக்கறதுக்கு முன்னாடி யாரு வீட்டுத் திருடன்னுல்ல பாப்பாரு?"

இந்தக் கடைசிக் கேள்வியோடுதான் நான் கடைக்குத் திரும்பினேன். கோன் திரும்பி வந்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இனி எவரும் அதை எடுக்கத் துணியமாட்டார் என்பதை எப்படிப் பொறுப்பது?

சுவர்களிலிருந்த படங்கள் இறங்கின. வெறும் ஆணிகள் நின்றன. பாதிப் பேர் என் கடைக்கு வந்தார்கள். "தம்பி, போன்ல இருக்கிற படத்துல துவான மட்டும் எடுத்துடேன்." எடுத்தேன். சாப்பாட்டுக் கடைக்காரர் படத்தில் துவானை நீக்கியதும், மனிதர் காற்றோடு கைகுலுக்கிக்கொண்டு பல்லைக் காட்டினார். "பரவால்ல, இப்படியே இருக்கட்டும்," என்றார்.

பொன்னாடை அண்ணன் மட்டும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். "துவான் எப்போ கிளம்புறாரு?"

சனிக்கிழமை என்று தெரிந்தது. துவானின் மனைவி துணிக்கடையில் திரைச்சீலைத் துணிக்குச் சொல்லி வைத்திருந்தார். ஊரைவிட்டுப் போகுமுன் துவான் வந்து வாங்கிக்கொள்வார். முதலாளிக்கு வியர்த்துவிட்டது.

"அண்ணே, சொல்லிட்டேன். துணியக் குடுத்து அனுப்பிடுங்க. பொன்னாட கின்னாடன்னு ஆரம்பிச்சீங்க, திங்கக்கிழம வேலைக்கு வர வேணாம். எனக்கும் புள்ளகுட்டி இருக்கு லா." முதலாளி கெட்டவர் இல்லை. பயந்தவர்.

அண்ணன் கோபப்படவில்லை. "வரும்போது போத்துனவன் போகும்போதும் போத்தணும் முதலாளி. இல்லேன்னா அது வெறும் வியாபாரம்." சொல்லிவிட்டு அலமாரியின் மேல்தட்டிலிருந்த, பிசகில்லாத, அகலக் கரை போட்ட பொன்னாடையை எடுத்து மேசையில் வைத்தார். "இதுக்குப் பில்லு போடுங்க. கடப் பொருளா இருந்தா உங்களுக்குத் தொல்ல. என்னோடதா இருக்கட்டும்."

சனிக்கிழமை காலை துவான் வந்தார். சீருடை இல்லை, கூட யாரும் இல்லை. சாதாரணச் சட்டை. தெரு முழுக்கத் திடீரென்று வேலை வந்துவிட்டது. மளிகைக் கடை நானா காலித் தராசில் எதையோ மும்முரமாக நிறுத்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டுக் கடைக்காரர் மேசைக்கு அடியில் எதையோ தேடினார். என் கடையில் நகைக்கடைக்காரர், துவானோடு எடுத்த படத்தைச் சரி செய்ய வந்து நின்றிருந்தார். அவருடைய கைப்பேசி என் கையில் இருந்தது. துணிக்கடை வாசலில் ஒரு கோன். அதன் அருகில் பிளாஸ்டிக் நாற்காலியில் கோன் பாஸின் ஆள் ஒருவன், பயில்வான் போன்றவன், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

துவான் துணிப் பையை வாங்கிக்கொண்டு திரும்பினார். அண்ணன் பின்னாலேயே பொன்னாடையோடு வந்தார். வந்தவர் ஸ்டூலைத் தேடினார். ஸ்டூல் இல்லை. முதலாளி ஒளித்து வைத்துவிட்டார்.

"தாக் பாயா லா, அண்ணே," என்றார் துவான். வேண்டாம் என்கிறார். "இப்போது நான் யாருமில்லை. உங்களுக்குத்தான் தொந்தரவு."

அண்ணன் அக்கம்பக்கம் பார்த்தார். நேராகப் பயில்வானிடம் போனார்.

"தம்பி, செத்த எந்திரி."

"என்னா?"

"நாற்காலி வேணும். எந்திரி லா, பெரிய மனுஷர் நிக்கிறாரு."

அந்தக் குரலைக் கேட்டால் யாராக இருந்தாலும் எழுந்துவிடுவார்கள். பயில்வானும் எழுந்துவிட்டான். ஏன் எழுந்தோம் என்று அவன் யோசித்து முடிப்பதற்குள் நாற்காலி துவான் முன்னால் வந்துவிட்டது. அண்ணன் ஏறி நின்றார். பொன்னாடையை உதறி விரித்தார்.

"துவான், அன்னிக்குக் குடுத்தது அட்வான்ஸ். இது முழுக் கூலி. வேலைய முடிச்சீங்க, வாங்கிக்கிட்டுத்தான் போகணும்."

போர்த்தினார். துவான் தலை குனிந்து நின்றார். அவர் அழுதாரா என்று எனக்குத் தெரியாது, நான் அழுதேன்.

"தம்பி! போனை எடு!"

என் கையில் இருந்தது நகைக்கடைக்காரரின் கைப்பேசி. பயில்வான் என்னையே முறைத்தான். நான் நகைக்கடைக்காரரைப் பார்த்தேன். துவானைப் படத்திலிருந்து எடுக்க வந்தவர் அவர். அவர் பயில்வானைப் பார்த்தார். பிறகு என் தோளைப் பிடித்துத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டே வந்தார்.

"நேராப் புடி தம்பி. அவரு மொகம் தெரியணும். அப்புறம் நானும் போயி நிக்கிறேன், அதையும் எடு."

அவர் போய் நின்றார். நானா தராசை விட்டுவிட்டு வந்து நின்றார். சாப்பாட்டுக் கடைக்காரர் மேசைக்கு அடியிலிருந்து எழுந்து வந்து, இந்த முறை நிஜமான கையைப் பிடித்துக் குலுக்கினார். அத்தனை பேரும் நிற்க இடம் போதவில்லை. கோன் குறுக்கே நின்றது. நானா அதைத் தூக்கி ஓரமாக வைத்தார். பயில்வான் கைப்பேசியை எடுத்து யாரிடமோ சொல்லப் போனான். என்னவென்று சொல்வான், நாற்காலி போய்விட்டது என்றா?

துவானுக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை. கோன் மறுநாள் பழைய இடத்துக்கே திரும்பி வந்தது. நாங்கள் எல்லோரும் சேர்ந்து தெருவிலிருந்த எல்லாக் கோன்களையும் தூக்கி வைத்தோம். மறுபடி வந்தன, மறுபடி தூக்கினோம். ஒருவன் தூக்கினால் கீறலாம், ஒரு தெருவே தூக்கினால் யாரைக் கீறுவது? கடைசியில் அவர்களுக்குத்தான் அலுத்துப்போனது.

அந்தத் திங்கட்கிழமையே அண்ணனுக்கு வேலை போனது. முதலாளிக்கு எங்கிருந்தோ அழைப்பு வந்திருந்தது. அண்ணன் அவருக்கும் ஒரு பொன்னாடை போர்த்திவிட்டு, தெருவைக் கடந்து நானா கடையில் மிளகாய் நிறுக்கப் போய்விட்டார். இன்றும் அங்கேதான் இருக்கிறார். அவர் போர்த்தும் பொன்னாடைகளில் இப்போது மல்லி, மிளகாய் வாசனை. வாங்கியவர் தும்மிக்கொண்டே நன்றி சொல்கிறார்.

பிறகு நான் கடலுக்கு அக்கரையில், சிம்பாங் அம்பாட்டில், சொந்தக் கடை வைத்தேன். திறப்பு விழாவுக்கு எந்தப் பிரமுகரையும் கூப்பிடவில்லை. அண்ணன் ஃபெரி ஏறி, பேருந்து மாறி, வியர்த்து வழிய வந்து சேர்ந்தார். கக்கத்தில் பொன்னாடை.

"எனக்கு எதுக்கு அண்ணே? நான் என்னா செஞ்சேன்?"

"அட்வான்ஸ் லா, தம்பி."

போன வாரம் இங்கே தேநீர்க் கடையில் மறுபடியும் அதே பேச்சு. இன்னொரு உயரதிகாரியை, பெரிய இடத்து வழக்கு ஒன்றைத் தொட்டதும், தூக்கிவிட்டார்கள். குரல்கள் தாழ்ந்தன. "நமக்கு எதுக்கு லா வம்பு?" என்றார் ஒருவர். எனக்கும் பயம்தான். ஆனாலும் எழுந்து நின்று, தெருவுக்கே கேட்கும்படி, "அவர் செஞ்ச தப்பு என்னான்னு கேப்போம், எல்லாரும் சேந்து போயி கேப்போம்," என்றேன். என் குரலும் கொஞ்சம் கோயில் மணி மாதிரிதான் ஒலித்தது.

வேறு என்ன செய்ய? அண்ணனிடம் அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது. வேலையைச் செய்யாமல் எந்த முகத்தோடு அவரைப் போய்ப் பார்ப்பேன்? எனக்கோ அவரை அடிக்கடி பார்க்க வேண்டும் போலிருக்கிறது.