மூன்று கால் நாய்க்குப் பெயர் தேடிய மேஸ்திரி

1934-ஆம் வருஷம் மார்ச் மாதம் ஒன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருபது நிமிஷம். வானத்தில் பேருக்குக்கூட மேகம் இல்லை. பாலாற்று மணலில் கிளம்பிய அனல் ஊருக்குள் வந்துகொண்டிருந்தது. அந்த வெயிலில், முனிசிபாலிட்டி கொட்டகைக்கு எதிரே, தலையில் துண்டுகூட இல்லாமல் நின்றுகொண்டு, ஒரே நாயைப் பதினான்கு பெயர்களால் கூப்பிட்டுக்கொண்டிருந்தார் ரிஜெக்ட் மேஸ்திரி. பக்கத்தில் குடையுடன் நான்.

எதையுமே முதல் தடவையில் சரி என்று ஒப்புக்கொள்ளாத மனிதர் இந்த உலகத்தில் ஒருவர் உண்டென்றால் அவர் இவர்தான். சொந்தக் கல்யாணத்தில் தாலி கட்டும் சமயத்தில் மாலையைக் கழற்றி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, வேறு கொண்டுவரச் சொன்னவர் என்பார்கள். நான் பார்க்கவில்லை. ஆனால் நம்புகிறேன். அவர் டீ குடித்ததை நான் பார்த்திருக்கிறேன். மூன்றாவது கிளாஸைத்தான் குடிப்பார்.

எங்கள் தோல் கிடங்கில் தரம் பிரிப்பது அவர் வேலை. ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறி, காய்ந்து, மெருகேறி வரும் ஆட்டுத் தோல்களை வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் விரிப்பார். பெருவிரலால் ஒரு தடவு தடவுவார். உடனே குறையைச் சொல்லிக் கூவுவார். "உண்ணிக் கடி." "கத்தி வெட்டு." "சூட்டுத் தழும்பு." அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ள வேண்டியது நான். கிடங்குக் குமாஸ்தாவை எங்கள் பக்கத்தில் ரைட்டர் என்பார்கள். என் சொந்தப் பெயர் அங்கே சம்பளத்தன்று மட்டும் உபயோகத்துக்கு வரும்.

அந்த நாய் ஆம்பூர் கூட்ஸ் ஷெட்டில் கிடைத்தது. சென்னைக்குப் போகும் தோல் கட்டுகளை ஏற்றிவிடப் போயிருந்தோம். எப்போதோ ரயில் பெட்டிகளை முன்னும் பின்னும் தள்ளியபோது தண்டவாளத்தில் மாட்டிப் பின்னங்கால் ஒன்று போயிருந்தது. காயம் ஆறிய பழுப்பு நாய். ஷெட் கூலிகள் அதை "நொண்டி" என்று கூப்பிட்டு எச்சில் இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி அதைச் சாக்கில் சுற்றி மாட்டு வண்டியில் ஏற்றினார். ஏழெட்டு மைல். என் மடியில்தான் வந்தது. எனக்கு அப்போதே பித்த உடம்பு.

"நொண்டின்னு இனிமே எவனாவது கூப்பிட்டான், அப்பறம் இருக்குது" என்று கிடங்கில் எல்லோருக்கும் உத்தரவு போட்டார்.

பட்டை இடிக்கும் மாதனூர்க்காரன் ஒருவன், "இருக்கறதத்தான மேஸ்திரி சொல்றாங்க?" என்றான்.

"காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ஒண்ணொண்ணையும் குறையச் சொல்லித்தான்டா கூப்பிடறேன். வாய் கசந்து போச்சு. இது ஒண்ணையாவது நல்ல பேர் வெச்சிக் கூப்பிடறேன், வுடு."

இந்த இடத்தில் அவர் "ராமு" என்றோ "ராஜா" என்றோ ஏதாவது ஒன்றை வைத்திருந்தால் எனக்கு இவ்வளவு எழுதும் வேலை இருந்திருக்காது. ஆனால் அவர் தோலைப் பார்ப்பது போலவே பெயரையும் பார்த்தார். ஒவ்வொரு பெயருக்கும் மூன்று நாள் சோதனை. தினமும் காலை பத்து மணிக்கு ஜன்னலோரம் நின்று, "ரைட்டரே, வாங்க" என்பார். நான் டிபன் பெட்டியோடு போவேன். நாயை உட்கார வைக்க என் தோசையில் ஒரு துண்டு. அன்றைய பெயரை அவர் உரக்கச் சொல்வார். நாய் எழுந்தால், "உக்காரு, இன்னும் முடிவாவல" என்பார். அது உட்காரும். தோசை மட்டும் குறைந்துகொண்டே வரும்.

முதலில் ராஜா. "மூணு கால் நாய ராஜான்னா கேலி பண்ற மாதிரி இருக்குது. ரிஜெக்ட்." பிறகு ஜிம்மி. "தொரைங்க வூட்ல எல்லாம் ஜிம்மிதான். இதுக்கு இங்கிலீஷ் வராது." புலி என்று வைத்த அன்றே ஓர் எருமை உள்ளே நுழைந்தது. புலி என் மேஜைக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டது. வீரன் என்றதும் மாதனூர்க்காரன் உலக்கையைக் கீழே வைத்துவிட்டு வந்து, "அது எங்க கொலசாமி பேரு மேஸ்திரி, வாணாம்" என்றான். சுல்தான் கொஞ்சம் நிலைக்கும் போலிருந்தது. அது முதலாளி சாயபுவின் பேரனை வீட்டில் கூப்பிடும் பெயர் என்பது இரண்டாம் நாள் தெரிந்தது. அந்தப் பெயரைச் சொல்லும்போது மட்டும் மேஸ்திரி குரலைத் தணித்துக்கொண்டார். அப்படியும் அது தள்ளுபடியானது.

மணி என்ற பெயருக்கு ஆற்றில் சோதனை. தூரத்திலிருந்து கூப்பிட்டால் காதில் விழுகிறதா என்று தெரிய வேண்டுமாம். நாயைப் பிடித்துக்கொண்டு பாலாற்றின் இந்தக் கரையில் நான். தண்ணீர் இல்லாத மணலைக் கடந்து போய் அந்தக் கரையில் அவர். "மணீ" என்று அவர் ஒரு குரல் கொடுத்தார். துணி துவைக்க ஊற்றுத் தோண்டிக்கொண்டிருந்த ஒருவர், மாடு மேய்த்த ஒருவர், வெள்ளரிப் பிஞ்சு விற்றவர் ஒருவர், ஆக மூன்று மணிகள் எழுந்து அவரை நோக்கிப் போனார்கள். நாய் என் செருப்பின் மேல் படுத்துத் தூங்கியது.

இதற்கிடையே ஊரில் வெறிநாய் ஒன்று இரண்டு பேரைக் கடித்துவிட்டது. லைசென்ஸ் வாங்கிக் கழுத்தில் பித்தளை வில்லை கட்டாத நாய்களைப் பிடித்துக் கொன்றுவிடுவோம் என்று முனிசிபாலிட்டியில் தமுக்கு அடித்தார்கள். நான் பதறிப்போய்ச் சொன்னேன்: "மேஸ்திரி, இன்னிக்கே வில்லை வாங்கிடலாம்."

"வில்லைக்குப் பேர் எழுதணுமே ரைட்டரே. முடிவாவாத பேர எப்பிடி சர்க்கார்ல எழுதறது? பேஜாராப் பூடும்."

"அப்புறம் மாத்திக்கலாம்."

"ரெண்டாந்தரத்த மொதத் தரம்னு எழுதிட்டு அப்பறம் மாத்திக்குவீங்களா நீங்க?"

நான் மாற்ற மாட்டேன்தான்.

வெள்ளிக்கிழமை கிடங்குக்கு விடுமுறை. நாய்க்கு அது தெரியாது. வழக்கம் போல் பூட்டிய கேட்டுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது. முனிசிபாலிட்டி வண்டி வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது. செய்தி கேட்டு மேஸ்திரி சாப்பாட்டுக் கையோடு ஓடினார். வழியில் என்னையும் இழுத்துக்கொண்டார். பொழுது சாய்வதற்குள் காரியத்தை முடித்துவிடுவார்கள் என்று சொன்னார்கள்.

கொட்டகைக்குள் கம்பிக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு நாய்கள். கோடியில், சுவரோரம் நம்முடையது. எங்களைப் பார்த்து வாலை ஆட்டியது.

"அதாங்க, நம்ம நாயி" என்றார் மேஸ்திரி.

சானிட்டரி இன்ஸ்பெக்டர் நிமிரக்கூட இல்லை. "எல்லா நாயுந்தான் வாலாட்டுது. எல்லாம் உன்னுதா? காலையிலேர்ந்து இப்பிடித்தான் ஆளாளுக்கு வந்து நிக்கறாங்க. வில்லையும் இல்ல. வெளியிலேர்ந்து பேர் சொல்லிக் கூப்டு. எழுந்து வந்தா உன் நாய். தண்டம் கட்டி இட்டுனு போ."

மேஸ்திரி என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு குறை தெரிந்தது. பயம்.

"ராஜா" என்றார். "ஜிம்மி. புலி." நாய் காதைத் தூக்கியது. எழவில்லை. பெயர் சொன்னால் அசையாமல் உட்கார வேண்டும் என்று இரண்டு மாதமாக அதற்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தானே. "வீரா. மணீ." வேறெங்கோ இரண்டு நாய்கள் எழுந்தன. சுல்தான் என்பதை இந்தத் தடவை தெரு அதிரக் கூவினார். நாய் இன்னும் ஒழுங்காக, மார்பை நிமிர்த்தி உட்கார்ந்தது. பதினான்கும் முடிந்தன.

"ஒரு நாய்க்கு எத்தினி பேருய்யா?" என்றார் இன்ஸ்பெக்டர். "போ, போ. நேரமாச்சு."

எனக்குத் தலை சுற்றியது. வெயிலா, பித்தமா, துக்கமா என்று இன்றுவரை தெரியவில்லை. நான் குடையை மடக்கிக்கொண்டு ஓரமாகத் தூணருகே போய் நின்றுவிட்டேன். மேஸ்திரி கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ரைட்டரே, வாங்க. ஒண்ணும் ஓடல ரைட்டரே."

நாய் எழுந்தது. மற்ற நாய்களை இடித்துத் தள்ளிக்கொண்டு, மூன்று காலில் குதித்துக் குதித்து வந்து, கம்பி இடுக்கில் மூக்கை நீட்டியது. இரண்டு மாதமாக அந்த வாயிலிருந்து மாறாமல் வந்த ஒரே பெயர் அதுதான். அதைக் கேட்டால் தோசை வரும்.

இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார். "ரைட்டரா? இத மொதல்லியே சொல்றதுக்கு இன்னா? பேரு ரைட்டர்தான?"

மேஸ்திரி என்னையே பார்த்தார். உலகத்தில் எதற்கும் யாரையும் கெஞ்சாத மனிதர். மெட்ரிகுலேஷன் பாஸ் செய்து, பதினெட்டு வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் சம்பாதித்திருந்த பெயர் அது.

"ஆமாங்க" என்றேன் நான். "ரைட்டர்."

"நீ யாரு?"

"நான் சும்மா, கணக்கு எழுதறவன்."

மறுநாள் காலை அவர் கிடங்கில் இருந்த தோல்களிலேயே அப்பழுக்கில்லாத ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கழுத்துப் பட்டை வெட்டினார். முதலாளி சாயபு வந்து பார்த்துவிட்டு, "மேஸ்திரி, மொத குவாலிட்டிய நாய்க்கு வெட்டிட்டியா? பைசா யார் தருவா?" என்றார். நான் கையைத் தூக்கினேன். "எந்த ரைட்டர் சம்பளத்துல புடிக்கறது?" என்று கேட்டுவிட்டு, சாயபு சிரித்துக்கொண்டே போனார். அதற்குப் பிறகு ஆறு வருஷம், அந்தக் கிடங்கில் யார் "ரைட்டர்" என்று கூப்பிட்டாலும் நாங்கள் இரண்டு பேரும் போவோம். அது எனக்கு முன்னால் போய்ச் சேரும்.

லைசென்ஸ் ஒரு ரூபாய், தண்டம் பன்னிரண்டு அணா, தோல் ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா, பித்தளைக் கொக்கி மூன்று அணா. எல்லாம் நான் போட்டது. சம்பளத்தன்று மேஸ்திரி சில்லறையை முடிந்துகொண்டு வந்து என் மேஜை மேல் வைத்தார். எண்ணிப் பார்த்தேன். மூன்று ரூபாய் பதினோரு அணா, சரியாக இருந்தது. வாங்கிக்கொள்ளவில்லை.