கடலுக்கு ஒரு பெட்டி

பெருங்களத்தூர்,
ஆவணி, 1993

மதிப்பிற்குரிய மைத்துனர் மாணிக்கவேல் அவர்களுக்கு, தங்கள் தங்கை அங்காளம்மாளின் கணவன் சிட்டிபாபு கைகூப்பி எழுதுவது. இங்கு நானும் அங்காளம்மாளும் என் தாயாரும் சௌக்கியம். கோவளத்தில் தாங்களும் தங்கள் படகும் வலையும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறோம். எங்கள் கல்யாணத்துக்குத் தாங்கள் வரவில்லை. அதன்பின் போட்ட கடிதங்களுக்கும் பதில் இல்லை. அதைப்பற்றி இதில் ஒரு வார்த்தையும் எழுதுவதாக இல்லை. இது வேறு விஷயம்.

அங்காளம்மாள் முழுகாமல் இருக்கிறாள். பஸ்ஸிலோ ஆட்டோவிலோ ஏறவே கூடாது, வீட்டோடு இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மற்ற பெண்கள் இந்த நேரத்தில் மாங்காய் கேட்பார்கள், புளி கேட்பார்கள். இவளிடம் என்ன வேண்டும் என்று கேட்டால், "கடல் சத்தம் கேக்கணும் போல கீது" என்கிறாள். ஜி.எஸ்.டி. ரோட்டு லாரிச் சத்தம் இருக்கிறது, ரயில் சத்தம் இருக்கிறது, வேண்டிய மட்டும் கேட்டுக்கொள் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சோறும் சரியாக இறங்கவில்லை.

மறைமலை நகர் கம்பெனியில் என்னோடு வேலை செய்யும் அசரியாவுக்கு வீடு பெசன்ட் நகர், கடற்கரைப் பக்கம். அவரிடம் ஒரு கேசட்டைக் கொடுத்துக் கடலைப் பதிவு செய்துவரச் சொன்னேன். செய்து வந்தார். வீட்டு டேப்ரிக்கார்டரில் போட்டால் எண்ணெயில் வடை பொரிகிற மாதிரி இருந்தது. அலை எழும்பி வந்து விழும்போது நெஞ்சுக்குள் ஒரு 'தொம்' கேட்குமே, அது இல்லை. "சின்ன ஸ்பீக்கர்ல அது வராது சிட்டிபாபு. அடிச் சத்தத்துக்குன்னே தனியா சப்-ஊஃபர்னு ஒண்ணு கீது, நாமே செஞ்சிக்கலாம்" என்றார் அசரியா. பேஜாரு அங்கதான் ஆரம்பிச்சுது மச்சான்.

அந்தப் பெட்டிக்குள்ள வெக்கிற பெரிய ஸ்பீக்கருக்குக் கடைக்காரங்க டிரைவர்னுதான் சொல்றாங்க. நானும் வாய் பழகிப்போய், எங்கம்மாகிட்ட "நல்ல டிரைவரா ஒண்ணு பாக்க மவுண்ட் ரோட் போறேன்மா"ன்னு சொல்லிட்டுப் போனேன். அம்மா தெரு முழுக்க, பையன் கார் வாங்கப் போறான்னு சொல்லிடுச்சு. நான் கடையில நின்னுகினு இருக்கேன், இங்க கூடுவாஞ்சேரிலருந்து அந்தோணிசாமின்னு ஒருத்தர் வெள்ளைச் சட்டையும் லைசென்ஸுமா வந்து உக்காந்துகினு கீறாரு. அம்மா காபி குடுத்து, சம்பளம் வரைக்கும் பேசி முடிச்சிருக்கு.

கடையில வேற கதை. எட்டு இஞ்சு ஒண்ணு, பன்னெண்டு இஞ்சு ஒண்ணு எடுத்து வெச்சாங்க. "இன்னா பாட்டு சார் கேப்பீங்க? அதுக்குத் தக்கதான் எடுக்கணும்"னாரு கடைக்காரர்.

"பாட்டு இல்லீங்க. கடல்."

அவரு என்னை ஒரு மாதிரி பாத்தாரு. சம்சாரம் முழுகாம இருக்கிற விஷயத்தச் சொன்னேன். உடனே ஸ்டூல் போட்டு உக்கார வெச்சாரு. எட்டு இஞ்சு தபேலாவுக்குச் சரி, கடலுக்குப் பத்தாதுன்னாரு. பன்னெண்டு இஞ்சுல சுத்தி ரப்பர் வெச்சது ஒண்ணு காட்டி, விரலால அமுக்கிப் பாக்கச் சொன்னாரு. உள்ள போயி மெதுவா திரும்பி வந்துச்சு, மூச்சு விடற மாதிரி. அதையே எடுத்துகினேன். பெட்டிய முழுசா மூடினா சத்தம் நறுக்குன்னு நின்னுடும், ஒரு ஓட்டை விட்டுக் குழாய் வெச்சா இன்னும் ஆழமா இழுத்துகினு வரும், உங்களுக்கு ஓட்டைதான்னாரு.

வூட்டுக்கு வந்தா அந்தோணிசாமி எழுந்து நின்னு சலாம் வெக்கிறாரு. நான் அட்டைப் பெட்டியத் தொறந்து டிரைவரக் காட்டினேன். அவரும் பாத்தாரு, அம்மாவும் பாத்துச்சு. அப்புறம் அவரே, "சரி சார், வந்தது வந்துட்டேன், இன்னா செய்யணும்?"னு கேட்டாரு. அந்த மாதிரி மனுசன் கெடைக்கிறது கஷ்டம் மச்சான்.

அவசரத்துல முதல்ல அம்மாவோட அரிசி டிரம்முல வெச்சுப் பாத்தோம். தகரம் அதிர்ந்து, வூடே நடுங்குச்சு. அம்மா டிரம்மப் புடுங்கிகினு போயிடுச்சு. அப்புறம் ஆசாரி ஜீவரத்தினத்தக் கூப்ட்டோம். கனமான பலகை, இடுப்பு ஒசரம், முன்னாடி வட்டமா பெருசா ஒரு வாசல், கீழ சின்னதா ஒரு ஓட்டைன்னு சொன்னேன். "கோழி எவ்ளோ வளக்கறீங்க?"ன்னு கேட்டாரு. வெளக்கிச் சொன்னதும் தலைய ஆட்டிகினு போயி, அடுத்த நாள் கதவுக்குப் பூட்டு போடற எடத்தோட செஞ்சிகினு வந்தாரு. அந்தப் பூட்டு ஓட்டைய மூடவே ஒரு நாள் போச்சு.

கடைசில எல்லாம் சரியாச்சு. அசரியா கேசட்டப் போட்டோம். 'தொம்'முன்னு வந்துச்சு. ஷெல்புல கீற டம்ளர்லாம் ஒண்ணோட ஒண்ணு பேசிகினுது. பக்கத்து வூட்டு முனிரத்தினம் கூட்ஸ் வண்டி கவுந்துடுச்சான்னு பாக்க ஓடி வந்தாரு. அங்கா நாற்காலிய இழுத்துப் போட்டுகினு பெட்டி எதிர்ல உக்காந்தா. குழாய் வழியா காத்து வந்து அவ கால்ல படுது. கண்ண மூடிகினா.

கண்ணத் தொறந்து, "நல்லாத்தான் கீது. ஆனா இது எங்க கடல் இல்ல"ன்னா.

எல்லாம் ஒரே தண்ணிதானே அங்கான்னேன். "இது மணல்ல வந்து படுத்துக்கிற கடல். எங்களுது கல்லுல மோதிகினு திரும்பும்"னா. எழுந்து உள்ள போயிட்டா.

ஆகையால் தங்களிடம் வேண்டிக்கொள்வது என்னவென்றால், இக்கடிதம் கொண்டுவரும் அந்தோணிசாமியிடம் டேப்ரிக்கார்டரும் புது கேசட்டும் கொடுத்து அனுப்பியுள்ளேன். தங்கள் வீட்டுக்கு எதிரில் அந்தக் கல் கிடக்கிற இடமாகப் பார்த்து, ஈரம் படாமல் உயரத்தில் வைத்து, சிவப்புப் பொத்தானை அமுக்கவும். பக்கத்தில் யாரும் பேசாமல் பார்த்துக்கொள்ளவும். தாங்களும் பேச வேண்டாம், கடல் சத்தம் மட்டும் போதும். என் தாயார் தங்களுக்கு ஆசி சொல்லச் சொன்னார்கள். அங்காளம்மாளின் நமஸ்காரம்.

தங்கள் பணிவுள்ள,
சிட்டிபாபு

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் அங்காவிடம் படிக்கக் கொடுத்தேன். ரெண்டு தரம் படிச்சா. "கடல் அங்கயேதான் கீது, எங்கியும் போவாது. புள்ள பொறந்ததும் நானே போயிப் பாத்துப்பேன். அண்ணன்தான் வராம கீறாரு. அவர வரச் சொல்லி எழுது"ன்னா. அதனால மச்சான், மேலே எழுதினது எதையும் செய்ய வேணாம். டேப்ரிக்கார்டரும் அனுப்பல. அந்தோணிசாமி வெறுங்கையோடதான் வராரு, இந்தக் கடுதாசி மட்டும்தான் அவர்கிட்ட கீது. அவருக்கு எங்க வூடு தெரியும். அவரோடயே பொறப்பட்டு வந்துடுங்க. வலை காய வேண்டியிருந்தா, காய்ஞ்சதும் வாங்க.