கை கழுவாமல் தின்றவை

வாயால் பொய் சொல்வது எனக்கு வராது. முகம் காட்டிக் கொடுத்துவிடும். எழுத்தில் அந்தச் சிக்கல் இல்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் எழுத்தில் பொய் சொல்லியிருக்கிறேன். பத்து நாள் சேர்ந்தாற்போல், நாற்பது பக்கம், தலைப்புகளுக்கு அடிக்கோடு போட்டு.

அப்போது எனக்கு வயது நாற்பத்தெட்டு, எடை தொண்ணூற்று நாலு. ஒரு கல்லூரியில் நூலகர் வேலை. கொழுப்பு, இன்சுலின், உடற்பருமன் என்று எங்கள் நூலகத்தில் இருந்த புத்தகம் ஒன்று விடாமல் படித்திருந்தேன். வளர்சிதை மாற்றம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் அரை மணி நேரம் விளக்குவேன். (விளக்கும்போது கையில் முறுக்கு இருக்கும்.) மாடி ஏறினால் மட்டும் மூச்சு வாங்கியது. என் மனைவி ஆபிதா அதைக் கேட்டுக் கேட்டுப் பயந்து, ஒரு நாள் என்னை வண்ணார்பேட்டையில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனாள்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். மாத்திரை எழுதித் தரவில்லை. ஒரு நோட்டைக் கொடுத்தார்.

"பத்து நாளைக்கு நீங்க சாப்பிடுறது எல்லாத்தையும் எழுதுங்க ஸார். என்ன உள்ள போகுதுன்னு தெரிஞ்சாத்தான் மேற்கொண்டு பேச முடியும்."

சாப்பிடுவது என்றால் எது என்று அவர் சொல்லவில்லை. எங்கள் மேலப்பாளையத்தில் கை நனைத்தால்தான் சாப்பாடு. கல்யாண வீட்டில் நாலு தட்டுப் பலகாரத்தைக் காலி செய்துவிட்டு எழுந்தாலும், "கை நனைக்காமப் போறியளே" என்று வாசல் வரை வந்து வருத்தப்படுவார்கள். நான் அந்த ஊர் வழக்கத்தைச் சட்டமாக எடுத்துக்கொண்டேன். கை கழுவினால் சாப்பாடு, நோட்டில் ஏறும். கழுவாவிட்டால் ஏறாது.

டீக்கடையில் வடையைத் தாளில் வைத்துத் தருகிறார்கள். தின்றுவிட்டு அதே தாளில் விரலைத் துடைக்கிறோம். கழுவவில்லை. சாயங்காலம் ஜங்ஷன் பக்கம் இலைத் துண்டில் சூடாக அல்வா. அதில் கைக்கு வேலையே இல்லை, நேராக நாக்கு. முட்டைப் புரோட்டாதான் கொஞ்சம் தகராறு செய்தது. இரண்டு நாள் யோசித்து, அதை ஸ்பூனால் சாப்பிட ஆரம்பித்தேன். (கடைக்காரர் என் கையில் ஏதோ காயம் என்று நினைத்து, சால்னாவைத் தானே ஊற்றிவிட்டார்.)

ஆக நோட்டில் ஏறியவை: காலையில் மூன்று தோசை, மதியம் அளவாகச் சோறு, இரவு அரை வெள்ளரிக்காய். நூலகன் கையெழுத்து, அச்சு மாதிரி இருக்கும்.

பத்து நாள் கழித்து டாக்டர் என்னை எடை மெஷினில் ஏற்றினார். தொண்ணூற்று ஆறு. நோட்டைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், மறுபடி நோட்டைப் பார்த்தார்.

"இவ்வளவு ஒழுங்கா யாருமே எழுதிக் கொண்டுவந்தது இல்லை. நீங்க சொல்லுங்கம்மா, வீட்டுல இவ்வளவுதான் சாப்பிடுறாரா?"

"ஆமா டாக்டரு. மூணு தோசைக்கு மேல தொடமாட்டாவ. நாலாவது வச்சா கோவப்படுவாவ" என்றாள் ஆபிதா. பாவம், சத்தியமான சாட்சி.

ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். தைராய்டு சரியாக இருந்தது. அது இன்னும் மோசமாகப் போயிற்று. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது, அதில் ஏதாவது கட்டி இருந்தாலும் உடம்பு இப்படிப் போடும், எதற்கும் ஒரு ஸ்கேன் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். ஐந்து நாள் கழித்துத் தேதி கிடைத்தது.

கட்டி என்ற சொல்லோடு ஆபிதா அழ ஆரம்பித்தாள். அவள் தம்பி காதர் ஆட்டோ ஓட்டுகிறவன். அவன்தான் எங்களை ஏற்றிக்கொண்டு வந்தான்.

"பயப்படாதிய மச்சான். அம்பாசமுத்திரத்துல எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கும் இதே மாதிரிதான்."

"இப்ப எப்படி இருக்காரு?"

"அவரு மௌத்தாயிட்டாரு. செத்தது வேற காரணம்."

ஆட்டோவிலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாற்பது பக்கம் கண்முன் வந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் மதியம் என் தட்டில் நெய்ச்சோறு, கறி, பொரித்த முட்டை. "நீங்க ஒழுங்காத் திங்காமத்தான் உடம்பு இப்படி ஊதுது" என்று இன்னொரு கரண்டி வைத்தாள். அவள் உட்காரவில்லை.

"நீ சாப்பிடலயா?"

"நோன்பு."

"இப்ப என்ன நோன்பு?"

"உங்களுக்கு ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னு ஏழு நோன்பு நேர்ந்திருக்கேன். பேசாமச் சாப்பிடுங்க."

அவளுக்கு ரத்த அழுத்தம் குறைவு. ரமலானிலேயே கடைசிப் பத்து நாள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. (முக்கால் தட்டு இறங்கியது.)

"ஆபிதா, அந்த நோட்டு இருக்கே..."

"அதைச் சொல்லாதிய. அரை வெள்ளரிக்காய்னு எழுதி வச்சிருக்கியளே, அதைப் படிச்சிட்டு நேத்தெல்லாம் அழுதேன். பசிக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னியளா?"

இதற்குப் பிறகு ஒரு மனிதன் எப்படி வாயைத் திறப்பான்? அவள் இரண்டு, மூன்று, நாலு என்று நோன்பு பிடித்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. மனசு கேட்காத நாட்களில் நான் இரண்டு வடை கூடுதலாகத் தின்கிறவன்.

ஸ்கேன் அன்று அவளுக்கு ஐந்தாவது நோன்பு. எனக்குப் பச்சை அங்கி ஒன்றை மாட்டிவிட்டார்கள். முதுகுப் பக்கம் முடிச்சுப் போட வேண்டிய அங்கி. என் அகலத்துக்கு அந்த இரண்டு கயிறும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. இரண்டு கையாலும் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நர்ஸ் வந்து, "காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலையே?" என்று கேட்டார். அக்காளும் தம்பியும் பக்கத்திலேயே நின்றார்கள்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். முகம் தன் வேலையைச் செய்தது.

"சரியாச் சொல்லுங்க. ஊசி போடும்போது வயித்துல ஏதாவது இருந்தா வாந்தி வரும். மெஷினுக்குள்ள படுத்துக்கிட்டு வாந்தி எடுத்தா ஆபத்து."

"ரெண்டு வடை" என்றேன்.

"எப்ப?" என்றாள் ஆபிதா.

"ஜெராக்ஸ் எடுக்கப் போனப்ப."

"ஜெராக்ஸ் எங்க மச்சான்?" என்றான் காதர்.

அதை எடுக்கவில்லை.

டாக்டருக்குச் சொல்லியனுப்பினார்கள். அவர் வந்து, கோபப்படாமல், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "கை கழுவாமச் சாப்பிட்டதை எல்லாம் சொல்லுங்க ஸார்" என்றார். நான் என் சட்டத்தை முழுதாக விளக்கிய பிறகுதான் அப்படிக் கேட்டார். நான் சொல்லச் சொல்ல ஸ்கேன் சீட்டின் பின்பக்கம் எழுதினார். இடம் போதவில்லை. நர்ஸ் இன்னொரு தாள் கொண்டுவந்தார்.

"அல்வா எத்தனை நாளு?" என்று காதர் இடையில் புகுந்தான்.

"சும்மா ருசிதான் பார்த்தேன்."

"பத்து நாளுமா பாத்திய? மாறவே இல்லையே அந்த ருசி?"

புரோட்டாவும் ஸ்பூனும் வந்தபோது டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

ஆபிதா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அப்ப கட்டி இல்லையா டாக்டரு?"

"இருக்கிற மாதிரித் தெரியலைம்மா. இவ்வளவு சாப்பிட்டா ரெண்டு கிலோ ஏறத்தான் செய்யும்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்திருந்தேன்; பதில்கூடத் தயார் செய்திருந்தேன். சந்தோஷத்தில் அழுவாள் என்று யார் கண்டது? ஆறுதலாக அவள் தோளில் கை வைக்கலாம் என்றால், எந்தக் கையையும் அங்கியிலிருந்து எடுக்க முடியாத நிலை.

திட்டு சாயங்காலம் மஃரிபுக்குப் பிறகு வந்தது, நோன்பு திறந்து தெம்பு வந்ததும். நல்ல நீளம். மீதி இரண்டு நோன்பையும் அவள் விடவில்லை. நேர்ந்தது நேர்ந்ததுதான் என்றாள். அந்த இரண்டு நாளும் நானும் கூடவே நோன்பிருந்தேன். முதல் நாள் மூன்று மணிக்கே எனக்கு எழுத்து இரண்டிரண்டாகத் தெரிந்தது. அவள் அதே வேளையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

இப்போது எண்பத்தொன்பதில் இருக்கிறேன். எழுதுகிற வேலை ஆபிதாவிடம் போய்விட்டது. அவள் எழுத்து கோணல், கணக்கு நேர். எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷத்திலும் யாராவது, "எனக்கு ஒண்ணும் வேண்டாம், நான் சாப்பிடுறதே கொஞ்சந்தான்" என்று சொன்னால் போதும், காதர் ஆட்டோச் சாவியைத் தூக்கிக் காட்டுவான். "ஸ்கேன் எடுத்திருவமா?"

கூட்டமே சிரிக்கும். ஆபிதா மட்டும் சிரிப்பதில்லை. ஒரு முறை திரும்பி என்னைப் பார்ப்பாள். பிறகு என் தட்டைப் பார்ப்பாள். அதிலிருந்து பெரிய கறித்துண்டாக ஒன்றை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொள்வாள்.