வெளிச்சம் எந்தப் பக்கம்?

"இனிமே சிகரெட்டைத் தொட்டா இந்தக் கை என் கையே இல்லை!"

திரைச்சீலைக் கடைக்காரர் இப்படிச் சபதம் போட்டது, பத்து மாதக் குழந்தைக்கு மூச்சு இழுத்து, "வீட்டுல யாரும் புகை பிடிக்கிறீங்களா?" என்று டாக்டர் கேட்ட அன்று. மனைவி குழந்தையின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்தக் கொர்கொர் நின்றால் போதும், அவளுக்கு வேறு சொர்க்கம் வேண்டாம்.

சபதம் ஒரு வாரம் நின்றது. பிறகு உட்கார்ந்தது. அப்புறம் படுத்தே விட்டது.

ஊரில் பாதி வீடுகளைத் துணி போட்டு மறைத்தவருக்குத் தன்னை மறைக்கத் தெரியாதா? கண்ணாடியில் ஒட்டும் வெள்ளித் தாளைக் கடையிலிருந்து ஒரு சுருள் கொண்டுவந்தார்.

"எதுக்குங்க இது?"

"பால்கனிக் கண்ணாடிக் கதவுக்கும்மா. வெயில் நேரா உள்ள வருதுல்ல? பிள்ளைக்குச் சூடு ஆகாது."

"நல்ல யோசனைதான். குமிழி இல்லாம ஒட்டுங்க."

குமிழி இல்லாமல் ஒட்டினார். பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திப் பார்த்தார். ஹாலைக் காணோம், மனைவியைக் காணோம். அவர் மூஞ்சிதான் பளிச்சென்று தெரிந்தது. தலைகூட வாரிக்கொண்டார். 'அவ எனக்குத் தெரியல. நான் மட்டும் அவளுக்கு எப்படித் தெரிவேன்?' கண்ணை மூடிக்கொண்ட பூனையும் இப்படித்தான் கணக்குப் போடும்.

அன்றிலிருந்து மத்தியானம் சாப்பிட வந்தால், "செடிக்குத் தண்ணி ஊத்திட்டு வரேன்" என்று கிளம்பிவிடுவார். அங்கே இருந்தது ஒரே ஒரு கற்றாழை. அதுவும் தண்ணீரைவிடச் சாம்பலைத்தான் அதிகம் கண்டது.

அவர் வெளியே போனதும் ஹால் விளக்கை அணைத்துவிடுவாள் மனைவி. "பகல்ல எதுக்கு லைட்டு?" சிக்கனக்காரி என்று மெச்சிக்கொண்டார். உள்ளே வந்தால், "வேர்த்திருக்கு, குளிச்சு சட்டையை மாத்திட்டுப் பிள்ளையைத் தூக்குங்க" என்பாள். என்ன அக்கறை!

ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தை இரண்டு விரலை உதட்டில் வைத்து எடுத்து, "பூ" என்று ஊதியது. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. மாமனாருக்கே போன் போட்டார்.

"மாமா, உங்க பேத்தி பறக்கும் முத்தம் குடுக்கிறா!"

போனை வைத்ததும் மனைவி கேட்டாள்: "யாருகிட்ட கத்துக்கிட்டா?"

"என்கிட்டதான்! வேற யாரு?"

"அதைத்தான் நானும் சொல்றேன். பிள்ளையை வெச்சுக்கிட்டு இங்கேயே இருங்க. நான் செடிக்குத் தண்ணி ஊத்திட்டு வரேன்."

விளக்கை அணைத்துவிட்டுப் போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

கண்ணாடி வழியே கற்றாழை தெரிந்தது. கொடியில் காயும் அவர் பனியன் தெரிந்தது. அதிலிருந்த ஓட்டை தெரிந்தது. மனைவி தெரிந்தாள். இந்தப் பக்கம் ஒரு திருட்டுப் பார்வை, அந்தப் பக்கம் ஒன்று. பிறகு இரண்டு விரலை உதட்டில் வைத்து, கண் சொக்கி, வானத்தைப் பார்த்து ஊதினாள்.

மடியிலிருந்த குழந்தை சிரித்தது. அதுவும் ஊதியது. "பூ."

முத்தம் செத்துப்போனது.

அவள் உள்ளே வந்தபோது அவர் கண்ணாடியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். "எப்... எப்படி?"

"வெளிச்சமான பக்கம் நிக்கிறவங்களுக்கு அவங்க மூஞ்சி தெரியும். இருட்டுப் பக்கம் நிக்கிறவங்களுக்கு எல்லாமே தெரியும். ஒம்பதாம் கிளாஸ்ல சயின்ஸ் சிஸ்டர் சொல்லிக்குடுத்தது."

"அப்பவே திட்டியிருக்கலாம்ல?"

"நீங்களா விடுவீங்கன்னு இருந்தேன். பிள்ளை ஊத ஆரம்பிச்சதும் பயந்துட்டேங்க. அது நெஞ்சு ஏற்கெனவே..." முடிக்காமல் குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

கற்றாழைத் தொட்டிக்கு அடியிலிருந்த சிகரெட் பெட்டியை எடுத்துவந்து, அவரே நசுக்கிக் குப்பையில் போட்டார். "அந்தத் தாளையும் கிழிச்சிடவா?"

"ஐயோ, வேண்டாம். பிள்ளைக்குச் சூடு ஆகாது."

மறுநாள் மத்தியானம் நிஜமாகவே செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனார். கண்ணாடியில் அவர் மூஞ்சிதான் தெரிந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று, இரண்டு வெறுங்கைகளையும் விரித்து அதற்குக் காட்டினார்.

அவர் மூஞ்சிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது:

"சட்டைப் பையையும் காட்டுங்க!"