பகவதிபுரத்துக்கு அடுத்த இருட்டு

சங்கரன்கோவில் ஸ்டேஷனுக்குப் புனலூர் வண்டி வர ஆறு நிமிஷம் இருக்கும்போது, அதிரசத் தூக்கு அநியாயமாய்க் கனக்கிறது என்று காசிராஜன் சார் கண்டுபிடித்துவிட்டார்.

"ஏட்டி, இது அதிரசமா, அம்மிக்கல்லா?"

"பாகு கொஞ்சம் முறுகிட்டு" என்று செண்பகவல்லி தூக்கை அவர் கையிலிருந்து வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

அதிரசம் மேலே ஒரு வரிசைதான். அதன் கீழே வாழையிலை. அதற்கும் கீழே இரண்டு படி புழுங்கலரிசி. அரிசி மலையைத் தாண்டிக் கேரளத்துக்குப் போகக்கூடாது என்று தடை இருந்த வருஷங்கள் அவை. செங்கோட்டையில் ஏறிச் சோதிப்பார்கள். அகப்பட்டால் அரிசியும் போகும், மானமும் போகும்.

ஆனால் அவள் பயந்தது சோதிக்கிறவர்களுக்கு அல்ல, கூடவே வருகிற தலைமையாசிரியருக்கு. டிக்கெட் வாங்காமல் வந்த சொந்த மச்சினனை, அதாவது அவள் தம்பியை, இதே பிளாட்பாரத்தில் பிடித்துக் கொடுத்துச் சாட்சிக் கையெழுத்தும் போட்டவர் அவர்.

மகள் கோமதித்தாய் புனலூரில் வாக்கப்பட்டு இரண்டு வருஷம் ஆகிறது. போன முதல் மாசமே, சிவப்பரிசிச் சோறு தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தாள். அதைச் சத்தமாகப் படித்தவர், சட்டம் என்றால் எல்லோருக்கும் ஒன்றுதான், பழகிக்கொள்ளட்டும் என்று கடிதத்தை மடித்துவிட்டார். அதற்குப் பிறகு மகள் சோற்றைப் பற்றி எழுதவே இல்லை. அந்த எழுதாத வரிதான் செண்பகவல்லியைத் தின்றது. தினமும் உலை வைக்கும்போது அதைத் தானே எழுதித் தானே படித்துக்கொள்வாள். இப்போது மகளுக்கு ஐந்தாம் மாசம். வாயில் வைப்பது எதுவும் தங்கவில்லையாம்.

வண்டி வந்தது. சார் தன் பரிவாரங்களோடு ஏறினார்: குடை, கூஜா, ரயில்வே அட்டவணைப் புத்தகம், தலையணை. மாசக் கடைசிச் சனிக்கிழமைகளில் தென்காசியில் மீட்டிங் என்று போகும்போதும் இடுப்புவலிக்கு அந்தத் தலையணை வேண்டும். அதன் உறையைக்கூட அவளைத் துவைக்க விடமாட்டார். இத்தனை வருஷக் குடும்பத்தில் ஒரு தலையணைக்குக் கிடைத்த மரியாதையில் பாதி தனக்குக் கிடைத்திருந்தால், அதிரசத்துக்கு அடியில் அரிசியை ஒளித்திருக்கவே வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றியது.

பாம்புக்கோவில்சந்தை தாண்டியதும் சாருக்குப் பசித்தது. ஒரு அதிரசம் கேட்டார். பிள்ளைத்தாச்சிக்கென்று சுட்டதை அவள் வாயில் படுமுன் மற்றவர்கள் தொடக்கூடாது என்றாள். எந்த சாஸ்திரத்தில் இருக்கிறது என்று கேட்டார். அம்மை சொல்லுவாள் என்றாள். மாமியாரின் சாஸ்திரங்களை அவர் ஒருநாளும் மதித்ததில்லை. கையை நீட்டினார்.

"இருங்க, கை கழுவிட்டு வந்து எடுத்துத் தாரேன்."

"கை கழுவுததுக்குத் தூக்கை எதுக்குட்டி கக்கூஸுக்குக் கொண்டு போற?"

அவள் அதற்குள் கதவைச் சாத்திவிட்டாள். குலுங்குகிற வண்டியில் கால்படி அரிசி தண்டவாளத்துக்குப் போயிற்று. மீதியை, தூக்கைச் சுற்றியிருந்த பழைய வேட்டித் துணியில் கொட்டி முடிந்தாள். முடிச்சை வைக்க இடம் இல்லை. கடைசியில் வயிற்றில் வைத்துச் சேலையை அதன்மேல் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

வெளியே வருவதற்குள் கடையநல்லூர் வந்துவிட்டது. அவள் இடத்தில் பெத்துராஜ் என்ற விதை வியாபாரி உட்கார்ந்திருந்தார். எதிர் பெஞ்சியில் வெற்றிலைக் கூடையோடு புதிதாக ஏறியிருந்த அலிமா பீவி, செண்பகவல்லியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, எந்திரிங்க. பிள்ளைத்தாச்சி நிக்காவ, கண்ணு தெரியலியா?"

பெத்துராஜ் பதறி எழுந்தார். காசிராஜன் சார் யார் பிள்ளைத்தாச்சி என்று பெட்டி முழுக்கத் தேடிவிட்டுக் கடைசியில் மனைவியைப் பார்த்தார்.

நாற்பத்தாறு வயது அவளுக்கு. இல்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால், பின்னே வயிற்றில் இருப்பது என்ன என்று அடுத்த கேள்வி வரும். தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தாள்.

"எத்தனை மாசம் தாயி?" என்றார் பெத்துராஜ்.

வாய்க்கு வந்தது மகளுடைய கணக்கு. "அஞ்சு."

"சார்வாளுக்கு இது எத்தனாவது?"

சார் அட்டவணைப் புத்தகத்தை விரித்து அதற்குள் முகத்தைக் கொண்டுபோய்விட்டார். அவர் விரித்த பக்கத்தில் வடக்கே போகிற வண்டிகள் இருந்தன. நம்பிவிட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது. இருபத்தைந்து வருஷம் கூட இருந்தவரிடம் ஒரு பிள்ளையைப் பொய்யாகச் சொல்வது, இரண்டு படி அரிசியை மெய்யாகச் சொல்வதைவிட எளிதாக இருந்துவிட்டதே என்று நினைத்தாள். எரிச்சல் யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

தென்காசியில் திருநெல்வேலி வண்டி வந்து சேரும் வரைக்கும் காத்துக் கிடந்தார்கள். இறங்குகிறவர்கள் வந்து ஏறாமல் இந்த வண்டி கிளம்பாது. அந்த முக்கால் மணி நேரமும் பெத்துராஜ் அவளைக் கவனித்துக்கொண்டார். மாங்காய் வாங்கி வந்தார். தின்னச் சொல்லிப் பக்கத்திலேயே நின்றார். காலை நீட்டச் சொன்னார். நிமிர்ந்து உட்கார்ந்தால் முடிச்சு அவிழ்ந்துவிடும். குனிந்து உட்கார்ந்தால், பிள்ளைக்கு ஆகாது என்றார்கள். "வீட்டுல போய்ப் பேசிக்கிடுவோம்" என்று மட்டும் சார் அவள் காதோடு சொன்னார்.

செங்கோட்டையில் இரண்டு பேர் ஏறினார்கள். ஒருவர் ஆண். இன்னொருத்தி, பெண்களைச் சோதிக்க வந்தவள்.

"இந்தம்மா கெட்டிக்காரி" என்றார் பெத்துராஜ் சிரித்துக்கொண்டே. "போன வாரம் ஒருத்தி வயித்துலேருந்து அஞ்சு படி பொறந்துச்சு."

செண்பகவல்லி முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள். சோதனைக்காரர்கள் அவள் பெஞ்சியை நெருங்கும்போது காசிராஜன் சார் எழுந்து நின்றார். பள்ளிக்கூடத்தில் பிரம்பு எடுக்கும்போது வருகிற குரல் வந்தது.

"மொதல்ல இவ கூடையப் பாருங்க. வெத்தலைன்னு சொல்லிட்டு அடியில என்ன கொண்டு போறாளுவன்னு எனக்குத் தெரியும். இவளுகளாலதான் நாடு கெட்டுப் போச்சு."

அலிமா பீவி அவருக்கு மேல் சத்தம் போட்டாள். கூடையைக் கவிழ்த்தார்கள். வெற்றிலையைக் கட்டுக் கட்டாகப் பிரித்தார்கள். வெற்றிலை மட்டும்தான் இருந்தது. அதை எல்லாம் திரும்ப அடுக்கிக் கொடுத்தால்தான் ஆச்சு என்று அவள் நின்றாள். ஒரு ஏழையை இப்படிப் படுத்துகிறாரே என்று செண்பகவல்லிக்கு மனம் குமைந்தது. நாளைக்கு நம் கதியும் இதுதான் என்று உடனே அடுத்த நினைப்பு வந்தது. நாளைக்கு என்ன, இன்னும் ஐந்து நிமிஷத்தில்.

வெற்றிலையை அவர்கள் அடுக்கி முடிப்பதற்குள் வண்டி செங்கோட்டையை விட்டு, பகவதிபுரத்தையும் விட்டுக் கிளம்பியது.

"இன்னும் ரெண்டு நிமிஷத்துல குகை" என்றார் சார். "நீளம் ஜாஸ்தி. விளக்கு எரியாது. பயப்படாத."

குகை வந்தது. இருட்டும் எஞ்சின் புகையும் சேர்ந்து பெட்டியை அடைத்தன. இருமலும் சக்கரச் சத்தமும் தவிர எதுவும் இல்லை. செண்பகவல்லி சேலைக்குள் கையை விட்டு முடிச்சை உருவினாள். சோதித்து முடித்தது ஒரே ஒருத்தியைத்தான். அந்தத் திசையில், இருட்டுக்குள், முடிச்சை நீட்டினாள். ஒரு கை அதை வாங்கிக்கொண்டது. என்ன, ஏது என்று கேட்காமல், வெகுநாள் பழக்கப்பட்ட கை மாதிரி வாங்கிக்கொண்டது.

வெளிச்சம் வந்தபோது அவள் வயிறு தட்டையாக இருந்தது. சோதனைக்காரி அவளை அழுத்திப் பார்த்தாள். தூக்கைத் திறந்து பார்த்தாள். ஒரு அதிரசத்தை எடுத்துக் கடித்துக்கொண்டு அடுத்த பெஞ்சிக்குப் போனாள். பெத்துராஜ் செண்பகவல்லியின் வயிற்றைப் பார்த்தார். ஜன்னல் வழியே தலையை நீட்டிக் குகையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தன் பையை எடுத்துக்கொண்டு பெட்டியின் மறுகோடிக்குப் போய்விட்டார்.

காசிராஜன் சார் இரண்டு கைகளையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டு மலையைப் பார்த்தபடி வந்தார். எல்லாம் தெரிந்துவிட்டது என்று அவள் நினைத்தாள். தென்மலை வரைக்கும் மனதுக்குள் பதில் தயாரித்தாள். பெற்ற வயிறு என்று ஆரம்பிக்கும் பதில். அவர் கேட்காததனால் அது புளித்துப்போயிற்று.

புனலூர் பிளாட்பாரத்தில் இறங்கியதும் சார் நின்றார்.

"நீ வாசலுக்குப் போ. நான் தண்ணி குடிச்சிட்டு வாரேன்."

கூஜா நிறையத் தண்ணீர் இருந்தது.

"நீங்க முன்னால போங்க. எனக்குக் கால் மரத்துப் போச்சு. மெதுவா வாரேன்."

"மரத்த காலோட தனியா எப்படி நிப்பே? போ."

"தண்ணி குடிக்கிறவரு குடிங்க. நான் நிக்கேன்."

இரண்டு பேரும் நகரவில்லை. இரண்டு பேரும் ஒரே பெட்டியின் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த வாசலில் அலிமா பீவி இறங்கினாள். தலையில் வெற்றிலைக் கூடை. இடுப்பில் வேட்டித் துணி முடிச்சு. இன்னொரு கக்கத்தில் தலையணை. நேராக வந்து, இரண்டையும் அவர்கள் நடுவில் தரையில் இறக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏன் சார்வாள், மாசாமாசம் மகளுக்கு ஒரு தலவாணி அரிசிதான நம்ம ஏற்பாடு? இன்னைக்கு அதே இருட்டுல அம்மாளும் ஒரு முடிச்சை நீட்டுதாவ. எனக்கு ரெண்டு கைதான இருக்கு?"