கூபுக்குப் பால் காய்ச்சிய மேஸ்திரி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். வாயால் சொன்ன போதெல்லாம், மாடு சிக்கிக்கொண்ட இடம் வந்ததும் கேட்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் எழுந்து போய்விடுவார்கள். மீதியைக் கேட்க ஆள் இருக்காது. எழுத்தில் போட்டால் பாதியில் போகமாட்டீர்கள் என்று ஒரு நம்பிக்கை. நான் அதிகம் படித்தவன் இல்லை, மாடு வைத்துப் பால் ஊற்றிப் பிழைத்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்மலை முருகன் சாட்சியாக நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

பாலைக் காய்ச்சாததால்தான் வெள்ளைக்காரன் பினாங்கைத் தோற்றான் என்று நம்பிய மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் கெலுகோரில், எங்கள் வரிசையில், இரண்டு வீடு தள்ளி இருந்தார். அவருடைய சொந்தப் பெயர் அவருக்கே மறந்துபோயிருக்கும். ஊருக்கெல்லாம் அவர் பால்காய்ச்சி மேஸ்திரி.

கொத்து வேலையில் கெட்டிக்காரர். ஆனால் எதைக் கட்டினாலும் பால் காய்ச்சாமல் சாவியைக் கொடுக்கமாட்டார். வீட்டுக்குக் காய்ச்சினால் சரி. இவர் கோழிக்கூட்டுக்கும் காய்ச்சுவார். தவுக்கே என்னும் சீன முதலாளி ஒருவர் வீட்டில் கக்கூஸ் கட்டி முடித்து, அதற்குள்ளேயும் அடுப்பு மூட்டுவேன் என்று பானையும் கையுமாக நின்றார். அந்த வீட்டம்மா துடைப்பத்தை எடுத்த பிறகுதான் வாசலோடு நிறுத்திக்கொண்டார். “மனுசன் உக்கார்ற இடம் எல்லாமே வீடுதான் லா” என்பது அவர் கட்சி.

போர் வருவதற்கு முன்னால் கடலோரம் வெள்ளைக்காரன் கூபு என்னும் காவல் அரண்களைக் கட்டினான். நீங்களும் பார்த்திருப்பீர்கள், இன்னும் சில இடங்களில் மணலில் சாய்ந்து கிடக்கின்றன. ஒரு முழத்துக்குத் தடித்த சிமெண்டுச் சுவர், கடலைப் பார்த்துத் துப்பாக்கி நீட்ட ஒரு நீளச் சந்து, பின்பக்கம் ஆள் குனிந்து நுழைய ஒரு வாசல். எங்கள் பக்கத்துக் கூபுகளில் அரை டஜனுக்கு மேல் மேஸ்திரி கைபட்டவை. ஒன்றைக் கட்டி முடித்ததும் அவர் துரையிடம் போய்ப் பால் காய்ச்ச உத்தரவு கேட்டார். துரை நன்றாகச் சிரித்துவிட்டு ஒரு டின் பாலைக் கையில் கொடுத்து, டீ போட்டுக் குடி என்றாராம். மேஸ்திரிக்கு அப்படி ஒரு கோபம். டின்னை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு மாதம் யாரையும் தொடவிடவில்லை.

“டின் பால் பொங்குமா தம்பி? பொங்காத பாலை வச்சுக்கிட்டு எந்த வூடு வெளங்கும்?” என்று என்னிடம் வந்து புலம்பினார். வாசல் பின்னால், சந்து முன்னால் என்பதும் அவருக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்காரன் வாசலைப் பார்க்காமல் சந்தையே பார்த்துக்கொண்டிருந்தால், வருகிறவன் வாசல் வழியாக வரமாட்டானா என்று கேட்டார். நாங்கள் சிரித்தோம்.

பிறகு டவுனில் குண்டு விழுந்தது. வெள்ளைக்காரன் சொல்லாமல் கொள்ளாமல் கப்பலேறிப் போனான். ஜப்பான்காரன் கூபுகள் பார்த்துக்கொண்டிருந்த கடல் பக்கம் வரவே இல்லை. பின்னாலிருந்த பெருநிலத்துக் கரைப் பக்கமிருந்து வந்து இறங்கினான். எங்கள் கூபுகளிலிருந்து ஒரு வெடிச் சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. அத்தனை பயத்திலும் மேஸ்திரி வீடு வீடாகப் போய், “சொன்னேனா இல்லையா?” என்று கேட்டுவிட்டு வந்தார். அன்றைக்கு அந்த வரிசையே சிரித்தது. நாங்கள் எல்லாரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

மேஸ்திரிக்கு மனைவி இல்லை. ஒரே மகன், முருகேசு. அப்பனைப் போலவே கொத்து வேலைக்குப் போகிறவன். ஒருநாள் பாசாருக்கு மரவள்ளிக் கிழங்கு வாங்கப் போனான். ஜப்பான்காரன் லாரியைக் குறுக்கே நிறுத்தி, வயசுப் பையன்களாகப் பார்த்து ஏற்றினான். சயாமில் ரயில் போடும் வேலை என்றார்கள், மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்றார்கள். மூன்று மாதம் போனது, ஆறு மாதம் போனது, மழைக்காலமும் போனது. போனவர்களில் ஒருவரும் வரவில்லை.

அதன்பிறகு மேஸ்திரியின் கணக்கு மாறிவிட்டது. ஒரு காலையில் என் மாட்டுக் கொட்டகைக்கு வந்து, குளிக்காத முகத்தோடு சாணத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

“தம்பி, பால் காய்ச்சாத குத்தம் உள்ள இருந்தவனோட போகல. கட்டுனவன் வூட்டுக்கும் வந்துருச்சு. நான் கட்டுன கூபு எல்லாத்துலயும் பால் பொங்கணும். கடைசிக் கூபுல பொங்குற அன்னைக்கு எம்மவன் வந்துருவான்.”

நானும் சாமி கும்பிடுகிறவன். பால் தருகிறேன் என்றேன். அவர் போதாது என்றார். முறைப்படி முதலில் மாடு நுழைய வேண்டுமாம். என் மனைவி உள்ளேயிருந்து, “மாட்டையும் கூட்டிக்கிட்டுப் போங்க, அப்படியே கன்னுக்குட்டிக்கும் ஒரு கூபு கட்டிக் குடுக்கச் சொல்லுங்க” என்றாள். மேஸ்திரி அதைக் கேலி என்று எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு பார்க்கலாம் தங்கச்சி என்றார்.

அப்படித்தான் ஒரு விடியற்காலையில் என் மாடு லெட்சுமியை ஓட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனோம். மேஸ்திரி பானை, விறகு, மஞ்சள் எல்லாவற்றோடும் முன்னால் உள்ளே போய் அடுப்பு மூட்டினார். மாட்டை அனுப்பு என்று குரல் கொடுத்தார். நான் அனுப்பினேன். லெட்சுமி தலையை நுழைத்தாள், கழுத்தை நுழைத்தாள், வயிறு சிக்கிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. அந்தக் கூபுக்கு இருப்பது ஒரே வாசல். வாசலில் மாடு, உள்ளே மேஸ்திரி, அவரோடு எரிகிற அடுப்பு. கொஞ்ச நேரத்தில் துப்பாக்கிச் சந்து வழியாகப் புகை வந்தது, புகையோடு இருமல் வந்தது, இருமலோடு, “வாலைப் புடிச்சு இழு லா” என்ற சத்தமும் வந்தது.

நான் வாலை இழுத்தேன். லெட்சுமி பயத்தில் என்மேலும் வாசற்படிமேலும் சாணம் போட்டாள். விஷயத்தைச் சொன்னதும் உள்ளேயிருந்து ஒரே சந்தோஷம். வாசல் தெளித்தாகிவிட்டதாம், இனி கோலம்தான் பாக்கியாம்.

அந்த நேரம் பார்த்து ரோந்து வந்த ஒரு ஜப்பான் சிப்பாய் எங்களைப் பார்த்தான். அவன் கண்ணுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? கைவிட்ட கூபுக்குள்ளிருந்து புகை வருகிறது, ஆள் சத்தம் வருகிறது. துப்பாக்கியை நீட்டிக்கொண்டு ஓடிவந்தான். நான் வாலை விட்டுவிட்டு இடுப்பு வரை குனிந்து வணங்கினேன். கன்னத்தில் ஓர் அறை. பிறகுதான் அவன் மாட்டைப் பார்த்தான். சந்து வழியாக எட்டிப் பார்த்து, உள்ளே பானையைத் துழாவிக்கொண்டிருந்த மேஸ்திரியையும் பார்த்தான். அவனும் கம்பத்தில், அதாவது கிராமத்தில், மாடு வளர்த்தவனாக இருக்கவேண்டும். துப்பாக்கியைச் சுவரில் சாத்திவிட்டு, மாட்டின் விலாவை இரண்டு தட்டுத் தட்டி, என்னோடு சேர்ந்து இழுத்தான். லெட்சுமி திடீரென்று வெளியே வந்தாள். சிப்பாய் மல்லாக்க மணலில் விழுந்தான். அவன்மேல் நான் விழுந்தேன். இன்றோடு முடிந்தது முருகா என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

மேஸ்திரி கண்ணும் மூக்கும் ஒழுக, பானையைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி வெளியே வந்தார். “பொங்கிருச்சு தம்பி, பொங்கிருச்சு” என்றார். சிப்பாய் எழுந்து, மணலைத் தட்டிவிட்டு, எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று கொடுத்தான். பிறகு பானையை வாங்கி முகர்ந்து பார்த்து, பாலை முழுக்கக் குடித்துவிட்டுப் போய்விட்டான். நான் கன்னத்தைத் தடவிக்கொண்டு நின்றேன். மேஸ்திரிக்கு அதிலும் குறையில்லை. இப்போது குடியிருப்பவன் அவன்தானே, முதல் பால் அவன் குடிப்பதுதானே முறை என்றார்.

இந்த இடத்தில்தான் எல்லாரும் எழுந்து போவார்கள். நீங்கள் கொஞ்சம் இருங்கள்.

அதற்குப் பிறகு மாட்டை விட்டுவிட்டு, அதன் பேருக்கு ஒரு பிடி சாணம் கொண்டு போவோம். சதுப்பில் ஒரு கூபு, பாறை இடுக்கில் ஒரு கூபு, கொடி மூடிப்போய் அவரே தடவித் தடவிக் கண்டுபிடித்த ஒரு கூபு. ஒன்றில் பாம்பு இருந்தது. அதனிடம் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டார். அது போகவில்லை. அது ஒரு மூலை, நாங்கள் ஒரு மூலை என்று பால் காய்ச்சினோம். ஒவ்வொரு கூபு முடியும்போதும் அவருக்கு முகம் தெளியும். நான் பாக்கியிருக்கும் கூபுகளை விரல்விட்டு எண்ணுவேன். மாடு மெலிந்துகொண்டே வந்தது. அவரும் மெலிந்துகொண்டே வந்தார். கிழங்கும் கீரையும் தின்று கால் வீங்கி, நடுவழியில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் நடப்பார். மிச்சப் பாலை நீட்டினால், மகன் வரட்டும் என்பார்.

ஒரே ஒரு கூபு பாக்கி நின்றது. பாயான் லெப்பாஸ் பக்கம், ஜப்பான்காரன் கம்பி வேலிக்கு உள்ளே. அதற்குள் லெட்சுமியையும் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். எதற்கென்று நான் கேட்கவில்லை. என் மனைவி காலிக் கொட்டகையைக் கூட்டிவிட்டு அதிலேயே உட்கார்ந்து அழுதாள். பால் இல்லை, வேலிக்குள் போக வழியும் இல்லை. மேஸ்திரி வாசலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் எழுந்திருப்பார். கோயிலுக்குப் போனாலும் எனக்கு வேண்டிக்கொள்ள ஒன்றும் தோன்றாத காலம் அது. சும்மா நின்றுவிட்டு வருவேன்.

ஜப்பான்காரன் ஒருவழியாகத் தோற்றான். வெள்ளைக்காரன் திரும்பி வந்து அரிசியும் டின் பாலும் கொடுத்தான். வேலியில் காவல் இல்லை. மேஸ்திரி தன் பங்கு டின்னை மடியில் கட்டிக்கொண்டு வந்து, நாளைக் காலையில் போகிறோம் என்றார். டின் பால் பொங்காதே அண்ணே என்று நான் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் சயாமிலிருந்து நல்லதம்பி வந்து சேர்ந்தான். முருகேசோடு அதே லாரியில் ஏறினவன். எலும்பும் தோலுமாக, புண் காலோடு வந்து, மேஸ்திரி வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து சொல்லிவிட்டான். போய்ச் சேர்ந்த முதல் மழையிலேயே காலரா. இரண்டே நாள். என் மனசு வேண்டாம் வேண்டாம் என்றாலும் கணக்குப் போட்டது. லெட்சுமி வாசலில் சிக்கி நாங்கள் மணலில் உருண்ட அந்தக் காலையில், முருகேசு மண்ணுக்குள் இருந்திருக்கிறான்.

மேஸ்திரி அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “படுத்திருந்த எடத்துக்குக் கூரை இருந்துச்சா?”

நல்லதம்பி தலையைக் குனிந்துகொண்டான். “அத்தாப்பு ஓலை இருந்துச்சு மேஸ்திரி. ஒழுகும்.”

மறுநாள் காலை அவர் என் வாசலில் நின்றார். கையில் பானை, மடியில் டின். எனக்குத் தாங்கவில்லை. “இனிமே எதுக்குண்ணே?” என்றேன்.

“நான் கட்டுனது தம்பி. இன்னொரு சண்டை வந்தா அதுக்குள்ள யாரு வூட்டுப் புள்ளையாச்சும் போயி நிப்பான்.”

போனோம். டின் பாலில் தண்ணீர் கலந்து அடுப்பில் வைத்தார். அது பொங்குகிறமாதிரி தெரியவில்லை. ஓரத்தில் நுரை கட்டும், அடங்கிவிடும். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நான் வாய்விட்டு முருகனைக் கூப்பிட்டேன். வெகுநேரம் கழித்து ஒரு பக்கமாகக் கொஞ்சம் வழிந்து சிமெண்டில் விழுந்தது. மேஸ்திரி அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் கொத்துக் கரண்டியைத் தொடவில்லை. அடுத்த மழைக்காலத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். கொள்ளி வைத்தவன் நான்.

இப்போது பையன்கள் டார்ச் லைட்டும் கேமராவுமாக அந்தக் கூபுகளைத் தேடிப் போகிறார்கள். கடைசிக் கூபுக்குள் தீய்ந்த பால் வாசம் வருகிறது, பேய் இருக்கிறது என்று சொல்லிக்கொள்கிறார்கள். போன தைப்பூசத்தில் ஒருவர் என்னிடமே இந்தக் கதையைச் சொன்னார். அவர் கதையில் பால் பொங்கியதும் மகன் நடந்து வந்துவிடுகிறான். கேட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

உங்களைக் கேட்டுக்கொள்வது இதுதான். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள், மாடு சிக்கிய இடத்தில் தாராளமாகச் சிரிக்க விடுங்கள். ஆனால் இருப்பதை இருக்கிறபடியே சொல்லுங்கள். பேயைச் சேர்க்காதீர்கள். அந்தப் பையனை மட்டும் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிடாதீர்கள். எங்கள் மேஸ்திரி எங்கிருந்தாலும் அது காதில் விழுந்தால், பாவம், மறுபடியும் எழுந்து வாசலைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார்.